ஒன்பதாவது எதிர்பார்ப்பு

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளிக் கையேட்டின் புரூஃப் இத்துடன் வருகிறது. ‘புதிய கல்வியாண்டில் பள்ளி எதிர்பார்ப்பவை’ என்ற தலைப்பை நீ கேட்டபடி கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். பள்ளிச் சின்னம் போன வருடம் மாதிரி மை கசிந்து நிற்காது, புதுப் பிளேட் போட்டாயிற்று. பார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் மறுநாளே மெஷினில் ஏற்றிவிடுவேன்.

சொல்ல வந்ததைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நாம் பேசினால் எங்கே போய் முடியும் என்று உனக்கும் தெரியும். போன மாதம் ஒரு பழைய பீரோவுக்காக ஒரு வாரம் முகம் பார்க்காமல் இருந்தோம். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் ஒன்பதாவது எதிர்பார்ப்பு. எட்டு வரைக்கும் வழக்கமானதுதான். வருகை, வாரத் தேர்வு, காலைச் சிறப்பு வகுப்பு, மாலையில் வீட்டில் சத்தமில்லாத படிப்பு. (அச்சகத்துக்கு மேல்மாடியில் குடியிருப்பவனிடம் சத்தமில்லாத படிப்பு கேட்கிறாய், பரவாயில்லை.) ஒன்பதாவது புதிது. ‘ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் அறுபது விழுக்காட்டுக்குக் குறைவாகப் பெற்றவர்கள் இப்பள்ளியில் பத்தாம் வகுப்பில் தொடர இயலாது. அவர்கள் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொள்ள வேண்டும்.’

லீவு நாட்களில் என் கடையில் புரூஃப் பார்ப்பது கீச்சுதான். உன் மருமகளுக்கு என்னைவிடக் கண் கூர்மை. நேற்று மத்தியானம் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவதுக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா, ‘மாற்றுச் சான்றிதழ்’ல ஒரு ‘ச்’ விட்டுப்போச்சு” என்று சொல்லி, அதைத் திருத்திக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். சாப்பிடக் கூப்பிட்டபோது இறங்கி வரவில்லை.

அவள் எடுத்திருப்பது ஐம்பத்தேழு. கணக்கு காலை வாரிவிட்டது.

உன்னிடம் இதுவரை எதுவுமே கேட்டதில்லை என்று பொய் சொல்லமாட்டேன். நிறையக் கேட்டிருக்கிறேன். இதையும் கேட்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து உன் பள்ளியில் படிக்கிற பிள்ளை. அந்த ஒன்பதாவதை எடுத்துவிடு. முடியாது என்றால் ‘அடுத்த ஆண்டு முதல்’ என்று மூன்று வார்த்தை சேர். இடம் இருக்கிறது, நான் நுழைத்துவிடுவேன்.

உன் தம்பி


மே 14

தம்பிக்கு,

புரூஃப் பார்த்துவிட்டேன். ஐந்தாவதில் ‘பெற்றோர்’ என்பது ‘பெற்றேர்’ என்று வந்திருக்கிறது. உன் மகள் அதைத் தவறவிட்டிருக்கிறாள். மற்றபடி அப்படியே அச்சிடலாம்.

ஒன்பதாவதும் அப்படியேதான்.

அந்த யோசனை என்னுடையது இல்லை. ஆனால் கையெழுத்து என்னுடையது. போன வருடம் பொதுத் தேர்வில் இரண்டு பேர் தவறினார்கள். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் செயலாளர் வேறு எதையுமே பேசவில்லை, அந்த இரண்டு பேரைப் பற்றியே பேசினார். தேறிய நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் அவர் கண்ணில் படவில்லை. எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர் எப்படிப் போனார் என்று உனக்குத் தெரியும். அவருக்குப் பிரிவு உபசார அழைப்பிதழ் அடித்ததே நீதான். இந்த வருடம் நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அறுபதுக்குக் கீழே பத்தொன்பது பேர் இருக்கிறார்கள். கீச்சுவை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டால் மற்றப் பதினெட்டு வீட்டுக்காரர்களும் என் அறை வாசலில் நிற்பார்கள். அவர்கள் கேட்பது நியாயமாகவும் இருக்கும். அவள் என் மருமகள் என்பதால்தான் முடியாது.

அவளுக்குக் கணக்கு ஏறவில்லை என்று நான் சொன்னபோதெல்லாம், “மெஷின் ஓட்டக் கத்துக்கிறா அக்கா, விடு” என்று சிரித்தாய். இப்போது எழுத்துக்கு எழுத்து அழுகிறாய்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் இருக்கிறது. நானே பேசுகிறேன்.

அக்கா


மே 27

தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். கையேடுகள் இன்று காலை வண்டியில் ஏற்றி அனுப்பப்பட்டன. ‘பெற்றேர்’ திருத்தப்பட்டுவிட்டது. கட்டுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.

நேற்று நானும் என் மனைவியும் கீச்சுவோடு மாற்றுச் சான்றிதழ் வாங்கத் தங்கள் பள்ளிக்கு வந்திருந்தோம். ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லாவிட்டால் பியூனைக் கேளுங்கள், அவர்தான் எங்களைச் சுவரோரப் பெஞ்சில் உட்காரச் சொன்னார். பக்கத்தில் ஒரு தையல்காரர் தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். யார் யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. எல்லாரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் முறை வந்தபோது தாங்கள் தலையை நிமிர்த்தாமல், “வாங்க சார், இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்றீர்கள்.

சார்.

நான் எட்டு வயதில் மாடிப்படியில் விழுந்து மண்டை உடைந்தபோது என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் தாங்கள்தான். அதற்காக இத்தனை வருடம் தாங்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். அந்தக் கடன் நேற்றோடு தீர்ந்தது.

என் மனைவி வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். நான் அழவில்லை. நான் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டு வந்தேன். இனித் தங்கள் பள்ளி வேலை எதுவும் என் மெஷினில் ஏறாது. அடையாள அட்டை, கேள்வித்தாள், ஆண்டு மலர் எல்லாம் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும். ஆனால் தங்களுக்காக ஒரே ஒரு வேலை மட்டும் செய்யப்போகிறேன். ஆர்டர் தராமலே செய்வேன். பள்ளி திறக்கிற அன்று டெலிவரி.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்


மே 29

தம்பிக்கு,

உன் ‘தாங்கள்’ என்னைக் குத்தவில்லை. குத்த வேண்டும் என்று எழுதினாய் என்பது தெரிகிறது.

அறையில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். நீ கவனிக்கவில்லை. உன்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டிருந்தால் அடுத்த நிமிடம் ஒன்பதாவது எதிர்பார்ப்புக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது என்று அவர் நினைத்திருப்பார். கீச்சு அழவில்லை, அதையும் நீ கவனிக்கவில்லை. வெளியே நின்று அறிவிப்புப் பலகையில் எழுத்துப் பிழை தேடிக்கொண்டிருந்தாள்.

மிரட்டாதே. மிரட்டலுக்கு நான் பழகியவள். பள்ளியில் தினமும் அதுதான் வேலை, மிரட்டுவதும் மிரட்டப்படுவதும்.

அக்கா


ஜூன் 3

தலைமையாசிரியை அவர்களுக்கு,

தங்கள் அறை ஜன்னலைத் திறந்து பாருங்கள். எதிரே சைக்கிள் கடை மாடியில் பச்சைச் சுவர் தெரிகிறதா? அதில் தொங்குவதுதான் நான் சொன்ன டெலிவரி.

தங்கள் பள்ளி வாசலில் வேறு யாரோ அடித்த பேனர் ஒன்று பார்த்தேன். முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் முகங்கள், நடுவில் தங்கள் முகம். சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, எல்லாருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறார்கள். என்னுடையதில் நிறம் சரியாக இருக்கும். அடையாள அட்டைக்கு நானே எடுத்த படங்கள் அல்லவா.

பத்தொன்பது முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவரவர் விழுக்காடு, தேர்ச்சிப் பட்டியல் அடித்ததும் என் மெஷின்தானே. மேலே தலைப்பு: ‘நூற்றுக்கு நூறுக்காக வெளியே அனுப்பப்பட்டவர்கள்’. அதற்குக் கீழே தங்கள் ஒன்பதாவது எதிர்பார்ப்பு, ஓர் எழுத்துக்கூட மாறாமல். அதே கொட்டை எழுத்தில். கீழே ஓரத்தில் என் அச்சகத்தின் பெயர், ஒளிந்துகொண்டு செய்தான் என்று யாரும் சொல்லக் கூடாது.

காலையில் கூட்டம் நின்று படித்தது. தங்கள் செயலாளரின் கார் வாசலில் கொஞ்ச நேரம் நகராமல் நின்றதையும் பார்த்தேன். டீ குடித்துக்கொண்டே பார்த்தேன். அவ்வளவு ருசியான டீயை நான் குடித்ததில்லை.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்


ஜூன் 5

தம்பிக்கு,

பார்த்தேன். முதல் நாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் எழுநூறு பிள்ளைகளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதைத்தான் பார்த்தார்கள். நான் மைக்கில் இந்த ஆண்டின் எதிர்பார்ப்புகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எட்டு முடிந்து ஒன்பதாவது வந்தபோது பின்வரிசையில் சிரித்தார்கள். நீ நினைத்தது நடந்தது.

செயலாளர் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறார். அடையாள அட்டைக்காக நம்பிக் கொடுத்த படங்களை நீ தெருவில் மாட்டியிருக்கிறாய், போலீசில் சொல்லலாம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆள் அனுப்பிக் கழற்றிவிடலாம் என்று பியூன் ஏணியோடு வந்து நின்றார். நான்தான் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேள். மூன்றாவது வரிசையில், இடமிருந்து இரண்டாவதாக, உன் மகள் இருக்கிறாள். கீழே ஐம்பத்தேழு என்று போட்டிருக்கிறாய். புதுப் பள்ளிக்குப் போக அவள் பேருந்து ஏறுகிற இடம் அந்தச் சுவருக்கு நேர் கீழே. தினமும் காலையில் தன் முகத்துக்கு அடியில் நின்றுதான் அவள் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் அவளை ஒரு வார்த்தை கேட்டாயா?

நீ மாட்டியது. நீயே கழற்று. அதுவரை அது அங்கேயே இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் நானும் பார்க்கிறேன், அவளும் பார்க்கட்டும், நீயும் பார்.

அக்கா


ஜூன் 9

தலைமையாசிரியை அவர்களுக்கு,

கழற்றமாட்டேன். கழற்றினால் தாங்கள் ஜெயித்த மாதிரி ஆகிவிடும். தாங்கள் அந்த நாற்காலியை விட்டு இறங்குகிற அன்று நானே ஏணி போட்டு இறக்குகிறேன்.

தெருவில் எனக்குக் கை கொடுக்கிறார்கள். பிள்ளையை வெளியே அனுப்பிய வேறு பள்ளிகளின் பெற்றோர்கூட வந்து, எங்களுக்கும் ஒன்று அடித்துக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இல்லைதான். அந்தத் தையல்காரர் முந்தாநாள் கடைக்குள் வந்து என் சட்டையைப் பிடித்தார். என் மகள் எவ்வளவு மார்க் வாங்கினாள் என்பது என் சம்சாரத்தின் அம்மாவுக்குக்கூடத் தெரியாது, நீ ஊருக்கே சொல்லிவிட்டாயே என்றார். நான் அவருக்காகத்தான் செய்தேன் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. பொத்தான் இரண்டு போனது.

கீச்சு பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள். பேருந்துக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே நடந்து போய் ஏறுகிறாளாம், அவள் அம்மா சொன்னாள். புரூஃபைக் கொடுத்தால் வாங்க மறுக்கிறாள். பதின்மூன்று, பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். தங்களுக்கு நான் இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தாங்கள் சந்தோஷப்படுவதற்காக இல்லை.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர்


ஜூன் 14

தம்பிக்கு,

கீச்சு என் வீட்டில் இருக்கிறாள். நேற்று மத்தியானத்திலிருந்து இருக்கிறாள். உன் மனைவிக்கு உடனே சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். நீ பேருந்து நிலையத்திலும் அவள் தோழிகள் வீடுகளிலும் தேடி அலைந்தது எனக்குத் தெரியும். அலையட்டும் என்றுதான் இருந்தேன்.

நடந்ததை நீ சைக்கிள் கடைக்காரரிடம் அரைகுறையாகக் கேட்டிருப்பாய். நான் ஜன்னலில் நின்று முழுதாகப் பார்த்தேன். உன் கடையிலிருந்து காகிதம் வெட்டுகிற பிளேடை எடுத்து வந்திருந்தாள். சைக்கிள் கடைக்காரரிடமே ஏணி கேட்டு வாங்கினாள். நிறுத்தத்தில் பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு முகமாகச் சதுரமாக வெட்டி எடுத்தாள். அவசரப்படவில்லை, கோணலாக வெட்டவில்லை. அச்சகக்காரன் மகள் என்பது தெரிந்தது. ஏணியை நகர்த்தி நகர்த்திப் போட்டு எல்லாவற்றையும் எடுத்து முடித்தபோது சுவரில் உன் தலைப்பும், என் ஒன்பதாவது எதிர்பார்ப்பும், உன் அச்சகத்தின் பெயரும்தான் பாக்கி. நடுவில் பச்சையாக ஓட்டைகள்.

நேரே என் அறைக்கு வந்தாள். பியூன் தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. துண்டுகளை என் மேசையில் வைத்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்னோடு மட்டும் இது இருக்கக் கூடாது.

“அத்தை, இது உங்க ஸ்கூல், நீங்க என்னை வெளிய அனுப்பினீங்க. சரி. அப்பா என்னைக் கொண்டுபோய் ரோட்டுல மாட்டினாரு. எனக்கு எவ்வளவு மார்க்குன்னு கண்டக்டருக்குக்கூடத் தெரியுது. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் அடிக்கணும்னா கையால அடிச்சுக்கோங்க. எங்களை எடுத்து அடிக்காதீங்க.”

பிறகு, வீட்டுச் சாவி கேட்டாள். கொடுத்தேன்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

அவளை அனுப்பிவிடு. காலையிலும் மாலையிலும் உன் தெருமுனையில் வந்து நிற்கிறேன். மாடி ஜன்னலில் அவள் நிழல் தெரிகிறது, என்னைப் பார்த்ததும் விளக்கை அணைக்கிறாள்.

ஒரு முழு நாள் என்னைத் தேடவிட்டாய். குளத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன், அக்கா. அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தேன். அதை நீ செய்திருக்கக் கூடாது. நான் உன் நாற்காலியைத்தான் குறி வைத்தேன். நீ என் உயிரிலேயே கை வைத்தாய்.

மிச்சத்தைக் கழற்றிவிட்டேன். சுவரில் இப்போது ஆணி மட்டும்தான். அவளிடம் சொல்.

தம்பி


ஜூன் 17

தம்பிக்கு,

சொன்னேன். ‘ஆணியையும் பிடுங்கச் சொல்லுங்க’ என்றாள்.

நான் செய்தது தப்புதான் என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ குளத்தருகே நின்றதைப் படித்தபோது, முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த மெமோவைக் கையில் வாங்கியபோது நான் எப்படி நின்றேனோ அப்படி நீயும் நின்றிருக்கிறாய் என்ற நிம்மதி. அப்புறம்தான் மற்றது வந்தது.

அவள் வருவாள். ஆனால் நிபந்தனை வைத்திருக்கிறாள். நானும் நீயும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். அந்தந்தப் பிள்ளையின் முகத்தை அந்தந்தப் பிள்ளையின் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். நீ தனியாகப் போனாலோ நான் தனியாகப் போனாலோ செல்லாதாம். பெரியவர்களிடம் பேசிவிட்டு வந்தாலும் செல்லாதாம்.

யார் எதற்கு மன்னிப்புக் கேட்பது என்று கேட்டேன். “அதை வழியில பேசி முடிவு பண்ணிக்கோங்க” என்றாள்.

நாம் செய்ததற்கு அவள் செய்வதுதான் சரியான பழி. எனக்கு இந்த அளவுக்குத் தோன்றியிருக்காது. உனக்கும் தோன்றியிருக்காது.

சனிக்கிழமை காலை தையல்காரர் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறோம். பொத்தான் தைத்த சட்டையாகப் போட்டுக்கொண்டு வா.

அக்கா


ஜூன் 30

அக்கா,

பதினெட்டு வீடும் முடிந்தது. இத்தனை நாளில் நீ தெருவின் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக நடந்தோம், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

தையல்காரர் கதவைத் திறக்கவே இல்லை. அவர் மகள் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி வாங்கிக்கொண்டாளே, அந்தக் கை எனக்கு மறக்கவில்லை. நகத்தில் நீல மை. ஒரு வீட்டில் அந்த அம்மா, “இப்ப எதுக்கு வந்தீங்க, ஓட்டுக் கேக்கவா?” என்றார். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்துவிட்ட அந்தப் பையன் மட்டும் படத்தைப் பார்த்துச் சிரித்தான், அடையாள அட்டையைவிட இதில் நன்றாக இருக்கிறேன் என்று. அவன் சிரித்ததுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. உனக்கும் வலித்தது, நீ கைப்பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி நின்றாய்.

ஒவ்வொரு வாசலிலும் நீதான் முதலில் பேசினாய். ‘நான் உங்கள் பிள்ளையின் தலைமையாசிரியை. அவனை வெளியே அனுப்பியது நான்’ என்று. குரல் ஒரு தடவையும் நடுங்கவில்லை. நான் பின்னால் நின்று, ‘மாட்டினது நான்’ என்று மட்டும் சொன்னேன்.

செயலாளர் உன்னை விடுப்பில் போகச் சொல்லிவிட்டார் என்று பியூன் வந்து சொன்னார். தலைமையாசிரியை வீடு வீடாகப் போய்க் கை கூப்புவது பள்ளிக்கு அவமானமாம். நான் எதற்காக அந்த பேனரை அடித்தேனோ அது நடந்துவிட்டது. அன்றைக்கு டீ குடித்துக்கொண்டு பார்த்தேனே, அந்த மாதிரி ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

இன்று கீச்சு வீட்டுக்கு வந்துவிட்டாள். பையோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவிடம், நாளைக்கு ரெண்டு பேர் வருவாங்க, உட்காரச் சொல்ல வேண்டாம், வாசல்லயே பேசட்டும் என்றாளாம். பத்தொன்பதாவது வீடு என் வீடு. நான் உன்னோடு வந்துதான் அதற்குள் நுழைய வேண்டுமாம். அதுவரை கீழே கடையிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள். அவள் முகம் என்னிடம்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் பிடித்துக்கொடுப்பது என்றுகூடத் தெரியவில்லை.

நாளைக் காலை வா. நீயே முதலில் பேசு, அக்கா. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தம்பி


ஜூன் 30, மாலை

தம்பிக்கு,

வருகிறேன். எனக்கு இப்போது வேறு வேலையும் இல்லை.

ஆனால் பதினெட்டு வாசலில் நான் முதலில் பேசிவிட்டேன். இந்த வாசலில் நீ பேசு. கீழே விழுக்காடு இருக்கிற ஓரத்தை வெட்டி எடுத்துவிட்டு முகத்தை மட்டும் கொடு. அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாலும் அங்கேயே நில். நான் பின்னால் நிற்கிறேன்.

அக்கா